அச்சுக்கூடத்திற் பெண்கள்

தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூவகையினரையே நினைவுகூர்வர். பாதிரிமார் முதலாவது வகையினர். 1578 இல் கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூலை அச்சேற்றிய என்றீக்கே அடிகளாரும், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவிய சீகன்பால்கு ஐயரும் அவர்களுள் முதன்மையானவர். ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த பண்டிதர் இரண்டாவது வகையினர். பொருளுதவிய புரவலர் மூன்றாவது வகையினர். ஈயவெழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவனும், அச்சான தாளை மடித்துத் தைத்தவளும் இவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை.

மேலே கூறிய இரு சொற்களின் ஈற்றையும் வாசகர் கவனித்தல் வேண்டும். கோத்தவன் என்பது ஆண்பால். தைத்தவள் என்பது பெண்பால். இலக்கண நூலார் வகுத்த பால் வேற்றுமையன்று இது. அச்சுக்கூடத்தின் கூலிப் பட்டியல் வகுத்தது. அது எவ்வாறு வகுக்கப்பட்டது, எப்பொழுதெல்லாம் குலைந்தது, மீண்டும் எவ்வாறு நிலைநாட்டப்பட்டது என்பதை ஆராய்ந்தாலன்றி, இன்று நம்மூர்ப் பெண்கள் அச்சுத் தொழிலில் வகிக்கும் இடத்தைச் சரிவர விளங்கிக்கொள்ள முடியாது.

ஈயவெழுத்துக் காலத்திலே ஒரு நூல் உருவாவதற்கு நான்கு வகை வேலைகள் வேண்டியிருந்தன. எழுத்துப் பெட்டியின் முன் நின்று, கையெழுத்துப் படியைப் பார்த்து, கண்ணாடியிற் காண்பதுபோல இடவலம் மாறிய எழுத்துகளைக் கோப்பது முதலாவது. கோத்த பக்கங்களை இரும்புச் சட்டத்துள் அடுக்கி இறுக்குவது இரண்டாவது. யந்திரத்தை ஓட்டுவது மூன்றாவது. தாளை மடித்து, வரிசைப்படுத்தி, தைத்து, அட்டை ஒட்டுவது நான்காவது. இவற்றுள் அச்சுக்கோத்தல் அறிவுசார்ந்த தொழிலாக மதிக்கப்பட்டது. ஆங்கிலத்துக்கு எழுத்து இருபத்தாறு. தமிழுக்கோ நூற்றுக்கு மேற்பட்ட அச்சுருக்கள் வேண்டும். பழைய வரிவடிவத்து ‘ணை’, ‘னை’, ‘றா’ போன்றவற்றுக்குத் தனித்தனி அறைகள் இருந்தன. எந்த அறையில் எந்த உரு இருக்கிறது என்பதைக் கண் தேடுமுன் கை அறிந்திருத்தல் வேண்டும். வரி முடிவிலே சொல்லை எங்கே முறிப்பது, ஆசிரியர் விட்ட ஒற்றை எங்கே இடுவது என்பனவும் அவர் பொறுப்பே. நமது பதிப்பாசிரியர் பலருடைய சந்திப்பிழைகளை உலகறியாமற் காத்தவர் அச்சுக்கோப்பாளர் என்று கூறினால் அது மிகையாகாது. இத்தகைய திறமைக்கு மதிப்பும் ஓரளவு வேதனமும் இருந்தன. மடிப்பு வேலைக்கோ ஆயிரந் தாளுக்கு இவ்வளவு என்ற கூலியே அளவுகோல். பெண் அச்சுக்கூடத்தினுள் நுழைந்தது இந்த நான்காவது வேலைக்கே. நுழைந்த வாயிலிலேயே அவள் நிறுத்தவும் பட்டாள்.

எழுத்துக் கோத்தல் பெண்ணின் கைக்கு ஒவ்வாத தொழிலோ எனின், அச்சின் ஆதிகாலமே அதனை மறுக்கின்றது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து ரிப்போலி கன்னியர் மடத்தில் 1476 முதல் 1484 வரை ஓர் அச்சுக்கூடம் நடந்தது. அங்கே எழுத்துக் கோத்தோருள் மடத்துக் கன்னியரும் இருந்தனர் என்பதை அம்மடத்தின் கணக்கேடே காட்டுகின்றது. பாரிஸ் நகரத்திலே சார்லொத் கில்லார் என்பவர் அச்சக உரிமையாளராகிய இரு கணவரை அடுத்தடுத்து இழந்தும், 1557 இல் தாம் இறக்கும்வரை அச்சகத்தைச் சிறப்புற நடத்தினார். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தை, ஒப்பமிட்டோர் பெயர்களுடன் 1777 இல் அச்சிட்டவர் பால்டிமோர் நகரத்து மேரி கதரீன் கொடார்ட் என்னும் பெண்மணி. அந்நகரின் அஞ்சலதிபராகவும் இருந்த அவரை, பெண்ணால் நெடும்பயணம் செய்ய இயலாது என்று காரணங் காட்டி 1789 இல் பதவி நீக்கினர். ஆனால் இவர்கள் மடத்தாலோ குடும்ப உரிமையாலோ அச்சகத்தைப் பெற்றவர்கள். கூலிக்கு வேலை செய்யும் பெண் எழுத்துப் பெட்டியின் முன் வந்து நின்றபோதுதான் உண்மையான வழக்குத் தொடங்கிற்று.

அந்த வழக்கு மிக வெளிப்படையாக நடந்தது அச்சுத் தொழிலாளர் சங்கங்கள் முதலில் வலுப்பெற்ற மேலைநாடுகளிலாகும். 1860 இல் எமிலி ஃபெய்த்ஃபுல் என்னும் பெண்மணி இலண்டனில் விக்டோரியா அச்சகத்தை நிறுவிப் பெண்களை அச்சுக்கோப்பாளராகப் பயிற்றத் தொடங்கினார். அந்தக் காலத்து அச்சுக்கோப்பாளர் நாள் முழுவதும் நின்றே வேலை செய்வர். அவரோ பெண்கள் அமர்ந்து வேலை செய்ய உயர்ந்த முக்காலிகள் இடுவித்தார். எதிர்ப்பு எவ்வாறிருந்தது என்பதை அவரே பின்னர் கூறியிருக்கின்றார். பெண்களின் உடை பாழாகும்படி முக்காலிகளில் மை பூசப்பட்டது. எழுத்துப் பெட்டிகளில் எழுத்துகள் கலக்கப்பட்டன. பெண்களுக்குப் பயிற்சி தர இசைந்த ஆண் தொழிலாளர் தம் சங்கத்துக்கு அஞ்சிப் பொய்ப் பெயர் புனைந்து வரவேண்டியிருந்தது. இத்தனைக்குமிடையே 1862 இல் மகாராணியின் அச்சகர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. மகாராணியின் அங்கீகாரம் எளிதிற் கிடைத்தது. பக்கத்துத் தொழிலாளியின் அங்கீகாரம் கிடைக்கவில்லை.

தொழிலாளர் ஏன் எதிர்த்தனர்? பழமைப் பற்று மாத்திரமே காரணமெனக் கொள்வது தவறு. நியூயோர்க் நகரத்து நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும். 1867 ஆம் ஆண்டின் இறுதியில் ‘வேர்ல்ட்’ என்னும் நாளிதழிலே அச்சுக்கோப்பாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, முதலாளி பெண்களை அழைத்து அவ்விடத்தில் அமர்த்தினார். பிணக்குத் தீர்ந்ததும் அப்பெண்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஓகஸ்தா லூயிஸ் இதிலிருந்து ஒரு பாடம் கற்றார். ஆண்களின் போராட்டத்தை முறிக்கும் கருவியாகப் பெண் இருக்கும்வரை இரு சாராரிடமும் அவள் அடிபடுவாள் என்று உணர்ந்து, 1868 இல் பெண் அச்சுத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். மறு ஆண்டில் அச்சுத் தொழிலாளரின் தேசிய சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதற்கடுத்த ஆண்டில் லூயிஸ் அதன் தொடர்புச் செயலாளராகத் தெரிவுசெய்யப்பட்டார். பெண்கள் தம் வாக்கைக் காத்தனர். குறைந்த கூலிக்கு வேலை ஏற்க மறுத்தனர். விளைவு யாது? சங்கக் கூலி கேட்ட பெண்ணுக்கு முதலாளி வேலை கொடுக்கவில்லை; சங்க நண்பரும் அவளுக்காகப் பரிந்து பேசவில்லை. 1878 இல் அந்தப் பெண்கள் சங்கம் கலைந்தது.

ஸ்கொட்லாந்தின் தலைநகரமாகிய எடின்பரோவிலும் இதே கதைதான். அங்கே 1872 - 1873 வேலைநிறுத்தத்தின்போது பெண்கள் அச்சுக்கோக்க அமர்த்தப்பட்டனர். ஆனால் நியூயோர்க்கைப் போலன்றி, அங்கே அவர்கள் நிலைத்துவிட்டனர். ஆண்கள் பெற்றதில் ஏறத்தாழ அரைவாசி வேதனத்துக்கு ஒரு தலைமுறைக் காலம் நூல்களைக் கோத்தனர். நேராகக் கோக்கும் பக்கமே அவர்களுக்கு உரியது. பக்கத்தை அமைத்தல், சட்டத்துள் இறுக்குதல், பட்டியல்களையும் அலங்கார வேலைகளையும் கையாளுதல் ஆகியன ஆண்களிடமே இருந்தன. ஆண்பிள்ளை ஏழாண்டு பயின்று முழுத் தொழிலையும் அறிவான்; பெண்பிள்ளைக்குச் சிறிது காலம் மட்டும் பயிற்சி தந்து ஒரு துண்டையே கற்பிப்பர். பின்னர், ‘இவள் முழுத் தொழிலை அறியாதவள், ஆதலின் அரைக்கூலி போதும்’ என்பர். கற்பிக்காமல் விடுவதும் அறியாமையைக் காரணங்காட்டிக் கூலியைக் குறைப்பதும் ஒரே கையின் இரு விரல்கள். 1910 இல் ஆண்களின் சங்கம் இதற்கு ஒரு முடிவு கண்டது. 1916 வரை புதிதாக எந்தப் பெண்ணையும் தொழில் பயில எடுப்பதில்லை என்று முதலாளிமாருடன் உடன்படிக்கை செய்தது. ‘சமகூலி கொடு’ என்று கேட்டிருக்கலாம். ‘வாயிலை அடை’ என்று கேட்டனர். அந்த வாயில் பின்னர் திறக்கப்படவேயில்லை.

பிரான்சிலே லியோன் நகரத்தில் 1913 இல் நடந்ததை அறிந்தால், கூலிப் போட்டி என்ற காரணமும் சில வேளைகளிற் சாக்கே என்பது புலனாகும். எம்மா கூரியோ என்னும் அச்சுக்கோப்பாளர் சங்கக் கூலியே பெற்றுவந்தவர். அவர் சங்கத்திற் சேர விண்ணப்பித்தார். உள்ளூர்க் கிளை மறுத்தது. அத்துடன் அமையாது, மனைவியை இத்தொழில் செய்ய விட்ட குற்றத்துக்காக அவருடைய கணவர் லூயி கூரியோவையும் சங்கத்திலிருந்து நீக்கிற்று. தொழிற்சங்கங்களை இழித்துக் கூறுவது நமது நோக்கமன்று. அவை இல்லாவிடின் உழைப்பாளிக்கு எட்டுமணி நேர வேலையும் கிடைத்திராது. ஆயினும் உழைப்பாளர் ஒற்றுமை பேசுவோர் இந்த ஏட்டைப் புரட்டாமல் விடுவது நேர்மையாகாது.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. 1892 இல் பிரான்சு பெண்களின் இரவு வேலையைத் தடை செய்தது. பெண்ணின் உடல்நலங் காப்பதே நோக்கமெனக் கூறப்பட்டது. காலைப் பத்திரிகை இரவிலேதான் கோக்கப்படும். அதிற்றான் வேதனமும் அதிகம். எனவே பத்திரிகை அச்சுக்கோத்தல் பெண்ணுக்கு இல்லையென்றாயிற்று. ஆனால் அச்சான தாள்களை இரவில் மடிக்கும் வேலைக்குப் பெண்களை அமர்த்த மறு ஆண்டில் ஒரு கட்டளை விலக்களித்தது! மடிக்கும் பெண்ணின் உடல்நலத்தை இரவு கெடுப்பதில்லை போலும். 1897 இல் மார்கரீத் டியூரான் என்பவர் ‘லா ஃப்ரோந்த்’ என்னும் நாளிதழைத் தொடங்கினார். ஆசிரியர் முதல் அச்சுக்கோப்பாளர் வரை பெண்களே அதில் வேலை செய்தனர். கோப்போருக்கு ஆண்களுக்குரிய கூலியே வழங்கப்பட்டது. இரவில் பெண்களைக் கொண்டு கோப்பித்ததற்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

இந்த இரவுத் தடை நமக்கும் புறம்பானதன்று. சர்வதேசத் தொழில் தாபனம் 1919 இல் இதனை உலக நெறியாக்கிற்று. இலங்கையில் 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம் கைத்தொழில் நிலையங்களில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்தது. 1984 ஆம் ஆண்டின் திருத்தமே நிபந்தனைகளுடன் அதனை அனுமதித்தது. இந்தியாவில் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இத்தகைய விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் செல்லாதென்றது. ஈயவெழுத்துக் காலம் முழுவதும், அதன் பின்னருங்கூட, நாளிதழ்களின் இரவு முறை பெண்ணுக்கு அடைபட்டே கிடந்தது என்பதை இதனால் அறியலாம்.

இனி, நம்மவர் நிலையை நோக்குவோம். யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை அமைத்தனர். பத்தாண்டு கழித்து, 1834 இல், மானிப்பாயில் அவர்களது அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கிற்று. 1841 இல் ‘உதயதாரகை’ தோன்றியது. 1849 அளவில் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிலே தமது அச்சியந்திரசாலையை ஏற்படுத்தினார். அச்சினால் வாசகராகிய தமிழ்ப் பெண்களின் முதல் தலைமுறை உடுவிலும் அதுபோன்ற பாடசாலைகளும் உருவாக்கியதே. மானிப்பாய்க்கும் உடுவிலுக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. ஆயினும் உடுவிலின் கல்வி நல்ல மனைவியையும் நல்ல ஆசிரியையையும் உருவாக்கும் கல்வியாகவே வகுக்கப்பட்டது. அச்சுத் தொழிலாளியை உருவாக்குவது அதன் நோக்கமன்று.

அவ்வழி செல்லத் துணிந்தவர் மராட்டிய நாட்டுப் பண்டித ரமாபாய். 1896 - 1897 பஞ்சத்தாலும் கைம்மைக் கொடுமையாலும் அலைந்த பெண்களைப் புனேக்கு அருகிலுள்ள கேட்கானில் ஒன்றுசேர்த்து, ‘முக்தி’ என்னும் இல்லத்தை நடத்திய அவர், அங்கே ஓர் அச்சகத்தையும் நிறுவினார். தாம் மூலமொழிகளிலிருந்து மராட்டியில் மொழிபெயர்த்த விவிலிய நூலை அந்த இல்லத்துப் பெண்களைக் கொண்டே கோப்பித்து அச்சிடுவித்தார். 1922 இல் ரமாபாய் காலமானார். 1924 இல் முழுநூலும் வெளிவந்தது. எழுதப் படிக்க அறியாது வந்த விதவைப் பெண்கள் பலர் வாழ்ந்த இடம் அது. அவ்விடத்துப் பெண்கள் ஒரு பெருநூலைக் கோத்து முடித்தனர் என்றால், பெண்ணின் கைக்கு இத்தொழில் எட்டாது என்ற வாதத்துக்கு வேறு விடை வேண்டுவதில்லை.

தமிழுலகிலே பெண்கள் அச்சினுட் புகுந்தது வேறொரு வாயிலால். யாழ்ப்பாணத்தவரான மங்களம்மாள் மாசிலாமணி 1923 இல் ‘தமிழ்மகள்’ இதழைத் தொடங்கினார். சென்னையில் வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். தமது முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயாற் சொல்லி எழுதுவித்தவர் அவர்; எழுதப் பழகாத கையுடன் தொடங்கி இதழாசிரியராக உயர்ந்தவர். பெரியாரின் தங்கை கண்ணம்மாள் ‘குடி அரசு’ இதழின் வெளியீட்டாளராகப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தமையால், 1933 இல் வெளியான தலையங்கம் ஒன்றுக்காகத் தமையனாருடன் சிறை சென்றார். இவர்களை நாம் போற்றுகின்றோம், போற்றுதல் தகும். ஆயினும் இதழின் முகப்பில் பெண்ணின் பெயர் வந்தமையால் அச்சுக்கூடத்தின் உள்ளே பெண்ணின் இடம் மாறிவிட்டதெனக் கருதலாகாது. பெண் எழுதிய கட்டுரையையும் ஆணே கோத்தான்; ஆணே ஓட்டினான்; பெண் மடித்தாள். சிவகாசியின் நிலையும் இதனின் வேறன்று. தீப்பெட்டிக்கும் வெடிக்கும் ஒட்டும் வண்ணச் சீட்டுகளிலிருந்து வளர்ந்து, நாட்காட்டிகளையும் பயிற்சிப் புத்தகங்களையும் எங்கணும் அனுப்பும் அந்நகரிலே, மடிப்பும் ஒட்டும் தையலும் இன்றும் பெரும்பாலும் பெண் கைகளிலேயே உள்ளன.

பின்னர் ஒரு பெருமாற்றம் நேர்ந்தது. அதன் வேரை அறிய, விசைப்பலகை என்னும் ஒரு பொருளைக் கவனித்தல் வேண்டும். 1886 இல் நியூயோர்க்கில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட லைனோடைப் யந்திரத்துக்கு 90 விசைகள். அவற்றின் ஒழுங்கு தட்டச்சுப் பொறியின் ஒழுங்கன்று. ஆகவே அலுவலகங்களில் தட்டச்சுப் பழகிய பெண்கள் இந்த யந்திரத்தின் முன் எளிதில் அமர முடியவில்லை; ஆண்களின் சங்கம் அதனைத் தன்வசம் வைத்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஈயம் ஒழிந்து ஒளியச்சுக்கோப்பும் கணினியும் வந்தபோது, அவற்றுக்குத் தட்டச்சுப் பொறியின் பலகையே பொருத்தப்பட்டது. இலண்டன் நகரத்து அச்சுக்கோப்பாளரிடம் உரையாடி, ‘சகோதரர்கள்’ என்னும் பெயரில் 1983 இல் ஒரு நூல் எழுதிய சிந்தியா கொக்பேர்ன் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளார். தம் திறமை அழிந்ததென்று மட்டும் அந்த ஆண்கள் வருந்தவில்லை. தம் வேலை ‘பெண் வேலை’ ஆகிவிட்டதே என்றும் வெட்கினர் என்று அந்நூல் காட்டுகின்றது.

தமிழிலும் இதுவே நடந்தது. யாழ்ப்பாணத்தவரான ரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கியதன் பயனாகப் பின்னாளிற் பெண்கள் பலர் தமிழ்த் தட்டச்சுக் கற்றனர். 1990களிற் கணினி அச்சுக்கோப்பு நம் நாட்டிற் பரவியபோது, அவர்களின் கைகள் ஆயத்தமாக இருந்தன. ‘பாமினி’ எழுத்துருவும் பெண்ணின் விரலும் சேர்ந்து, மூன்று நூற்றாண்டு அடைபட்டிருந்த கதவை ஓசையின்றித் திறந்தன. முக்காலியில் மை பூசுவார் எவருமில்லை; ஏனெனில் போட்டியிட ஆண் எவனும் அங்கே இல்லை. வேதனமும் மதிப்பும் ஏற்கெனவே அவ்விருக்கையை விட்டு எழுந்து போய்விட்டன.

வன்னிப் பெருநிலத்தில் இதனை நேரிற் காணலாம். போருக்குப் பின்னர் மீளக் குடியேறிய ஊர்களில் முதலில் திறக்கப்பட்ட கடைகளுள் நிழற்பிரதி எடுத்துத் தட்டச்சும் செய்து கொடுக்கும் சிறு நிலையங்களும் அடங்கும். நெடுங்கேணியிலும் புளியங்குளத்திலும் உயர்தரம் முடித்து வீட்டிலிருந்த பெண்பிள்ளைகள் பலருக்குக் கிடைத்த முதல் வேலை அதுவே. குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் மிகுந்த இப்பகுதியில் அந்த வருவாய் அற்பமானதன்று. வற்றாப்பளைப் பொங்கல் அறிவித்தல், பாடசாலைத் தவணை வினாத்தாள், அந்தியேட்டிக்கு வழங்கும் கல்வெட்டு, திருமண அழைப்பிதழ் ஆகிய யாவும் அவர்களின் விரலாலேயே உருப்பெறுகின்றன. நான் கற்பித்த மாணவியர் சிலரும் அவ்விருக்கைகளில் உள்ளனர். கல்வெட்டுக்கு எழுதிக் கொடுக்கப்படும் வெண்பாவில் தளை தட்டினால் அதனைக் கண்டுபிடித்துத் திருத்தக்கூடியவர் அவர்களுள் உண்டு. பழைய அச்சுக்கோப்பாளருக்குப் பெருமை தந்த அதே மொழியறிவு இது. ஆனால் இதற்கு ஒரு பெயருமில்லை, பெயரில்லாதபடியால் விலையுமில்லை. ‘ரைப் அடிக்கிற பிள்ளை’ என்பதே பெயர்.

அவள் எங்கே உயரலாம்? பக்க வடிவமைப்பு, வண்ணப் பிரிப்பு, தகடு செய்தல், ஓவ்செற் யந்திரம் ஓட்டுதல், தாளின் நிறையும் அளவும் அறிந்து செலவு மதிப்பிடுதல், வாடிக்கையாளரோடு பேசி ஒப்பந்தம் முடித்தல், ஈற்றில் அச்சக உரிமை: இவையே அத்தொழிலின் படிகள். தட்டச்சு முடிந்த கோப்பு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பப்படுகின்றது. மேற்படிகள் அங்கே தொடங்குகின்றன. எடின்பரோவிற் போலவே இங்கும் ஒரு துண்டு வேலையே அவளுக்கு உரியது. யந்திரம் பாரமானது, மை அழுக்கானது என்பார்கள். நெல்மூடை சுமக்கும் பெண்ணிடமும் சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்ணிடமும் இக்காரணத்தைச் சொல்ல அவர்களுக்கு நாணமில்லை.

நம் நாட்டிற் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் ஏழு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. பல ஆண்டு தொழில் செய்து கற்றவர், வகுப்பிற் பயிலாமலே தம் திறனை மதிப்பிடுவித்துச் சான்றிதழ் பெறவும் அதில் வழியுண்டு. தட்டச்சுப் பலகையின் முன் ஐந்தாறு ஆண்டு இருந்த பெண் அவ்வழியை நாடினால், அச்சகத்தின் அடுத்த அறைக்குள் நுழைய ஒரு தாளாவது கையில் இருக்கும். இதனை அவளுக்குச் சொல்வார் வேண்டும். பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் என்ற பெயரில் நாம் பல்கலைக்கழகத்தையும் தாதியர் கல்லூரியையும் ஆசிரிய கலாசாலையையும் பற்றியே பேசி முடித்துவிடுகின்றோம். பரீட்சையில் இவற்றுக்கு எட்டாத பிள்ளை எந்த இருக்கையில் அமர்கிறாள், அங்கிருந்து எங்கே போகலாம் என்பது நமது குறிப்பேட்டில் இல்லை.

அச்சகங்களில் வேலை மிகுவது கோவிற் கொடியேற்றக் காலத்திலும், தேர்தல் காலத்திலும், தைமாத நாட்காட்டிக்கு முந்திய வாரங்களிலுமாகும். அக்காலத்திலே மேலதிக நேர வேலையே ஆண்டு வருவாயைத் தீர்மானிக்கும். புதிய யந்திரத்தைப் பழகிக்கொள்வதும் பெரும்பாலும் அவ்விரவுகளிலேதான். இரவுத் தடை 1984 இல் தளர்ந்தது. ஆயினும் வவுனியாவிலிருந்து நெடுங்கேணிக்கு வரும் கடைசிப் பேருந்து அச்சகத்தின் மேலதிக நேரத்துக்காகக் காத்திருப்பதில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு தரிப்பிடத்துக்கு நடக்கின்றாள். மோட்டார்ச் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞன் யந்திரத்தின் அருகே நின்றுவிடுகின்றான்.